கடைசி ஸ்டேஜுக்கு எடுத்துவைத்த பாம்

மாமா,

இன்று காலை கீபோர்டைத் துடைக்கலாம் என்று கவிழ்த்துத் தட்டினேன். மிக்சர் துகளோடு நீலகிரித் தைலத்தின் வாசனையும் வந்தது. நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அந்தத் தைலம் மட்டும் கட்டைகளுக்கு நடுவில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. "கையில தைலத்தோட கீபோர்டைத் தொடாதீங்க மாமா" என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். நீங்களும் "சரிமா" என்பீர்கள், தடவிய கையோடுதான் உட்காருவீர்கள். நீங்கள் தட்டித் தட்டி எஃப் கட்டையில் எழுத்தே அழிந்துவிட்டது. புதுசு வாங்கலாம் என்கிறார் உங்கள் பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டையால் ஒரு காரியம் நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் உங்களைச் சாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி, நெமிலிச்சேரியில் வீடு கட்டி, காலையில் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்து பேப்பர் படிக்கிற மனிதர். வேறென்ன நினைப்பேன்? ஒரு நாள் உங்கள் பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதோ பழைய வீடியோ கேமை இறக்கி ஆடிக்கொண்டிருந்தார். கீழிருந்து மேலே பறக்கும் ஒரு குட்டி விமானம், எதிரே மழையாகப் பொழியும் தோட்டாக்கள். பின்னாலிருந்து பார்த்த நீங்கள், "தள்ளு" என்றீர்கள். உட்கார்ந்த வேகத்தில், "இப்ப ரைட்ல மூணு வரும் பாரு, அப்பால நடுவுல ஒரு பெரிசு" என்று சொல்லச் சொல்ல எல்லாம் அப்படியே வந்தன. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "இதெல்லாம் உனுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த கஜா அங்கிள்தான் போட்டுக் கொடுத்தார். ஃபேக்டரியில் உங்கள் கூட்டாளி, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கத்து வீடியோ கேம் கடையில் நின்ற கதையை அவர் மொத்தமாகக் கொட்டிவிட்டார்.

"அப்ப ஓவர்டைம்னு சொன்னதெல்லாம்?" என்றார்கள் அத்தை. அன்று சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் கேமில் பாம் என்று ஒன்று உண்டு. தப்பிக்கவே முடியாத இடத்தில் அதைப் போட்டால் திரையில் இருக்கிற தோட்டா எல்லாம் துடைத்துப் போட்டது போல மறைந்துவிடும். கொஞ்சம்தான் கிடைக்கும், திரையின் மூலையில் வரிசையாகத் தெரியும். அதைப் போட உங்களுக்கு மனசே வராது என்று கஜா அங்கிள் சிரித்தார். வரிசை குறையாமல் வைத்துக்கொண்டே செத்துப்போவீர்களாம். "பாமை மூட்டை கட்டி ஊட்டுக்கா எட்த்துனு போவப் போறேன்னு கேட்டா, பின்னாடி வேணும்பான்."

கடைசி ஸ்டேஜ் வரைக்கும் இரண்டு பேரும் போயிருக்கிறீர்கள். அங்கே வருகிற பெரிய கப்பலை மட்டும் யாரும் உடைத்ததில்லை. அதற்குள் கடைக்காரன் கடையை மூடிவிட்டான். "அத்த ஒரு தபா என் கையால ஒடச்சிப் பாத்துடணும்மா" என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் நானும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கை. அந்த வருஷம்தான் நடுக்கம் ஆரம்பித்திருந்தது. காபியை அத்தை அரை டம்ளர்தான் ஊற்றித் தருவார்கள். எது எப்போது வரும் என்று உங்கள் தலைக்குத் தெரிந்தது, விரல் போய்ச் சேர்வதற்குள் விமானம் வெடித்துவிட்டது. இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டவே முடியவில்லை. ஒரு நாள் கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, "வுடுமா, கை கேக்க மாட்டேங்குது" என்றீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"வேற வழி இருக்கு" என்றேன். டூல் அசிஸ்டெட் ஸ்பீட்ரன் என்று சொன்னதும், "இன்னா ரன்னு?" என்று கேட்டீர்கள். பொறுமையாகச் சொன்னேன். ஆட்டத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைத்துவிடலாம். ஒரு நொடியை அறுபது துண்டாக்கி, எஃப் கட்டையைத் தட்டினால் ஒரு துண்டு மட்டும் நகரும்படி செய்யலாம். விமானம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் நிதானமாக யோசித்து அழுத்தலாம், தப்பானால் பின்னால் வந்து மறுபடி அழுத்தலாம். எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் பிசிறில்லாமல் பறக்கும். இப்படி ஆடி, இருப்பதிலேயே குறைந்த நேரத்தில் கேமை முடித்துக் காட்டவே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது.

கேட்டுவிட்டு, "அதுல என் கை நடுங்கறது தெரியாதா?" என்றீர்கள்.

"தெரியாது மாமா. நீங்க எதை அழுத்தினீங்கங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருப்பீர்கள். வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தி, ஒரு தட்டு, ஒரு யோசனை, இன்னொரு தட்டு. ஒரு மதியம் முழுக்க உழைத்தால் திரையில் சில நொடிகள் போகும். நீங்கள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

அலுத்துக்கொண்டவர் கஜா அங்கிள். "டேய், இது போங்குடா. நின்னு நிதானமா யோசிச்சி ஆட்றதுக்குப் பேரு ஆட்டமா?" என்றார். "ஏன்டா, பேய் வந்தா அமுக்குது? என் வெரல்தான?" என்றீர்கள். பேச்சு முற்றி, அதன் பிறகு நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வார். மற்றபடி இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாக்கிங் போனீர்கள். அந்த விஷயத்தில் நான் அன்றும் உங்கள் கட்சி, இன்றும் உங்கள் கட்சி. எழுதுகிறவர்கள் அடித்துத் திருத்தி எழுதுவதை யாரும் போங்கு என்று சொல்வதில்லை.

ஒரு நாள் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ரயில் பிடித்து அம்பத்தூர் போய் அப்படி என்னதான் செய்கிறேன் என்று. "ஃபைலை எல்லாம் சுருக்கி வைக்கிற சாஃப்ட்வேர் மாமா. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்றதை ஒரு தடவை எழுதிட்டு, இத்தனை தடவைன்னு குறிச்சுக்கும். அப்ப இடம் மிச்சம்" என்றேன். ஆர்வமாகி, உங்கள் ஆட்டம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துச் சொன்னேன். சுருக்கிய பிறகு ஒரு போட்டோ அளவுகூட இல்லை.

உங்களுக்கு வந்ததே கோபம். "இத்தினி மாசம் முதுகு ஒடைய குந்திகினு பண்ணது ஒரு போட்டோவுக்குத் தேறலியா?"

அதில் படம் எதுவும் இல்லை, எந்தத் துண்டில் எந்த பட்டன் என்பது மட்டும்தான் இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். எதிரி வருவதற்காகக் காத்திருக்கும் இடங்களில் விமானம் அசையாமல் நிற்பதால் அதெல்லாம் நன்றாகச் சுருங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து காத்திருக்கும் இடங்களில் எல்லாம் உங்கள் விமானம் ஆட ஆரம்பித்தது. இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு குதி. ஒரு ஆட்டம் போல இன்னொன்று வராதபடி பார்த்துப் பார்த்து அழுத்தினீர்கள். "இப்ப சுருக்கச் சொல்லு உன் சாஃப்ட்வேரை" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டீர்கள்.

மூன்றாவது ஸ்டேஜில் ஒரு சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? இடது ஓரத்தில் உடைந்த பாலத்தின் கீழே விமானத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்தீர்கள். நடுவிலேயே நேராகப் போனால் சீக்கிரம் முடியும் என்று நான் படித்துவிட்டு வந்து சொன்னேன். "அது கஜா எடம்மா. கடையில அவன்தான் அத்தக் கண்டுபுடிச்சான். அங்க ஒதுங்காம எப்படிப் போறது?" என்றீர்கள். நேரம் வீணாகிறதே என்றேன். வீணானால் ஆகட்டும் என்றீர்கள்.

பாம் விஷயத்திலும் என் பேச்சு எடுபடவில்லை. சில இடங்களில் ஒரு பாம் போட்டால் ஒரு வாரத்து வேலை மிச்சம். "இருக்கட்டும்மா, பின்னாடி வேணும்." இதே பதிலைத்தான், தீபாவளிக்கு எடுத்த சட்டையை ஏன் பீரோவிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாலும் சொல்வீர்கள். அந்தச் சட்டை குண்டூசிகூடக் கழற்றாமல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடைசி ஸ்டேஜுக்கு வந்துவிட்டீர்கள். பெரிய கப்பல் திரைக்குள் இறங்கிவிட்டது. "நாளிக்குத் தொடங்கிடலாம்" என்று எழுந்தீர்கள். மறுநாள் காலையில் பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த ஃபைலை நான் திறக்கவில்லை. திறந்தால் முடித்துவிடத் தோன்றும். முடிக்க வேண்டியது உங்கள் கை. அது எனக்குச் சொந்தமான வேலை இல்லை என்று தெளிவாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கஜா அங்கிள் வந்தார். காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அவன் அந்தப் போங்கு எவ்ளோ தூரம் வந்துச்சும்மா?" என்று கேட்டார். நான் எழுந்து போய் அந்த ஃபைலைத் திறந்து ஓடவிட்டேன். அத்தையும் உங்கள் பிள்ளையும் வந்து நின்றார்கள்.

விமானம் கிளம்பியது, மாமா. உங்கள் கை எங்கேயும் நடுங்கவில்லை. தோட்டாக்களுக்கு நடுவில் ஊசி நுழையும் இடத்தில் நுழைந்து வெளியே வந்தது. காத்திருக்கும் இடம் வந்ததும் அது ஆட ஆரம்பித்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் போன பிறகு அன்றுதான் அவர்கள் சிரித்துப் பார்த்தேன். மூன்றாவது ஸ்டேஜில் விமானம் இடது ஓரமாகப் போய்ப் பாலத்தின் கீழே ஒதுங்கியது.

"இது என் எடம்" என்றார் கஜா அங்கிள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க நிக்கத் தேவையே இல்லியேம்மா. நேரா போலாமே."

"நானும் சொன்னேன் அங்கிள். கேக்கல."

பெரிய கப்பல் இறங்கியது. அந்த இடத்தில் நீங்கள் அழுத்தியதெல்லாம் தீர்ந்துபோக, ஆட்டம் அப்படியே நின்றது. பதிவு முடிந்தால் அது நின்றுவிடும். அடுத்த துண்டை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். விமானத்தைச் சுற்றித் தோட்டாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மூலையில் பாம் வரிசை, ஒன்றுகூடக் குறையாமல்.

"நீயே முடிச்சிடு" என்றார் உங்கள் பிள்ளை. மாட்டேன் என்றேன். மாமா தன் கையால் உடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், நான் தொட்டால் அது வேறு யாருடைய ஆட்டமோ ஆகிவிடும் என்றேன்.

கஜா அங்கிள் திரையின் மூலையைக் காட்டினார். "இவ்ளோ நாளா ஒண்ணும் போடாம வெச்சிகினு வந்துகீறான் பாரு. கடையில நான் கேலி பண்ணுவேன். யாருக்கோ வெச்சிருக்கான்னு இப்பத்தான் தெரியுது. போங்கு இல்லம்மா இது. போடு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். எஃப் கட்டை வழவழவென்று இருந்தது. எனக்கு இந்தக் கேம் ஆடத் தெரியாது. தோட்டாவிலிருந்து ஒதுங்கவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நெருங்கி வரும்போதெல்லாம் நீங்கள் சேர்த்து வைத்ததிலிருந்து ஒரு பாம் எடுத்துப் போட்டேன். திரை வெளுத்துத் தெளிந்தது. மறுபடி சுட்டுக்கொண்டே போனேன், மறுபடி ஒன்று. மதியம் கழிந்து நாலு மணி ரயில் போகிற சத்தம் கேட்டபோது பெரிய கப்பல் நடுவில் பிளந்து, துண்டு துண்டாக வெடித்து விழுந்தது. கஜா அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். அத்தை, "அவ்ளோதானா? இதுக்கா ஓவர்டைம்?" என்று கேட்டுவிட்டு அழுதார்கள். நானும் அழுதேன், மாமா. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஆபீஸ் புத்தி போகாதே, உங்கள் ஃபைலையும், அதோடு நான் சேர்த்து முடித்த முழு ஆட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்கிப் பார்த்தேன். சுட்டது, பாம், சுட்டது, பாம் என்று நான் செய்தது எல்லாம் ஒரே மாதிரி. சுருங்கி இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு ஃபைலுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் ஆடிய ஆட்டம் அத்தனையும் அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கப்பல் வெடித்து முடிந்த பிறகும் விமானம் இன்னும் நம் கையில்தான் இருந்தது. மூலையில் ஒரு பாம் மிச்சம். "அதையும் போட்டுடும்மா, மத்தாப்பு மாதிரி பாத்துக்கலாம்" என்றார் கஜா அங்கிள். என் விரல் அந்த பட்டனுக்குப் போகவில்லை.

"இருக்கட்டும் அங்கிள்" என்றேன். "பின்னாடி வேணும்."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன அத்தை அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.