கன்னத்தில் இரண்டு தையல்

அன்பு ரைசா,

நீயும் நம் குட்டி மகள் மிரெலாவும் சுகந்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? நான் இங்கே இத்தாலியில், பாதுவாவில் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் சைக்கிள் பட்டறையில் ஒரு பந்தய சைக்கிளின் முன்வீலை முதல்முறையாக நானே தனியாகக் கட்டினேன். சுற்றிவிட்டால் துளிக்கூடக் கோட்டமில்லை. முதலாளியம்மா ஒர்னெல்லா, வீலின் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாவெல், நேராத்தான் ஓடுது. ஆனா நாலு கம்பிதான் பாரம் தூக்குது, மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது. இறக்கத்துல போறவன் பல்லு போயிடும்யா. எல்லாத்தையும் தளர்த்திட்டு மறுபடி கட்டு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எதையும் தளர்த்தாமல், தொய்ந்த கம்பிகளை மட்டும் முறுக்கிக்கொண்டே போனேன். ஏற்கெனவே விறைத்திருந்த ஒன்று அறுந்து கன்னத்தில் அடித்தது. இரண்டே தையல்தான், கண்ணுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

ஆஸ்பத்திரியில், "இந்த ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா? யாருக்குத் தகவல் சொல்லணும்?" என்று கேட்டார்கள்.

"என் பேர எழுதுங்க" என்றாள் கூட வந்திருந்த ஒர்னெல்லா.

மறுநாள் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தி, முதலிலிருந்து கட்டினேன். எதைச் சுண்டினாலும் ஒரே சத்தம். "இப்பதான்யா இது வீலு" என்றாள்.

மிரெலாவுக்கு பூட்ஸ் வாங்க வேண்டும். அவள் காலைத் தாளில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இந்தக் கடிதத்தை ஊருக்கு எடுத்துவரும் பார்சல் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். உன் கால் அளவு எனக்குத் தெரியும். இருந்தாலும் அதே தாளில் உன் காலையும் வரைந்து அனுப்பு.

உன்
பாவெல்