நீலக்கோடு இல்லாத நட்டு

மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவன்மேல் என்ன கோபம் என்று கேட்காதே. இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

தாம்பரம் மார்க்கெட்டில் பேன்சி ஸ்டோர் வாசலில் நாம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? நரைத்த மீசையோடு இரண்டு ஆம்பிளைகள் நகப்பாலிஷ் கேட்க, கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு செவப்பும்மா, இவுருக்கு நீலம்" என்று நீ கொஞ்சமும் கூசாமல் சொன்னாய். பொழிச்சலூரில் உன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நாம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு சீட்டு விமானத்துக்கு அது. விமான மெக்கானிக்காகவே வேலை பார்த்து ரிட்டயரான நமக்கு வேறென்ன பைத்தியம் பிடிக்கும்? நட்டை முடுக்கியதும், நட்டையும் தகட்டையும் சேர்த்து நீ ஒரு சிவப்புக் கோடு இழுப்பாய். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நான் ஸ்பேனர் வைத்துப் பார்த்து, பக்கத்தில் நீலக்கோடு போடுவேன். "முடுக்கினவனே செக் பண்ணக் கூடாது மச்சான். அவன் கண்ணுக்கு அல்லாம் கரீட்டாத்தான் தெரியும்" என்பாய்.

அப்போதே உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எல்லா நட்டையும் வரிசையாக முடுக்கிவிட்டு, அப்புறம் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டு போவாய். ஒன்றை முடுக்கியதும் அதற்குக் கோடு போடு, பிறகு அடுத்ததற்குப் போ என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ கேட்டால்தானே!

சண்டை வந்தது கதவால். சீட்டுக்கு அடியில் வாலுக்குப் போகிற கம்பிகளின் நட்டுகளைப் பார்க்க, இரண்டு சீட்டையும் தூக்கி, தரைத்தகட்டு ஸ்குரூக்களை எல்லாம் கழற்றி, அரைநாள் முதுகு ஒடியும். விமானத்தின் வயிற்றில் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு வைத்தால் ஐந்து நிமிட வேலை. சுற்றிலும் இன்னொரு தகடு சேர்த்து ரிவிட் அடித்தால் பலமும் குறையாது. படமே வரைந்து காட்டினேன். "பெத்த கொயந்த வயித்துல கத்தி வெப்பியாடா?" என்றாய். "கஷ்டமா இருந்தா செக்கிங்கைத் தள்ளிப்போடுவோம். அதுலதான் ஆள் சாவான்" என்றேன். "ப்ளான்ல இல்லாதது என் வண்டில வராது." பேச்சை முடித்துவிட்டாய். நம் வண்டி அன்றைக்கு உன் வண்டி ஆனது.

நீ மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போன வாரத்தில் நானே தகட்டை அறுத்துக் கதவு வைத்துவிட்டேன். தப்புதான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீ செய்தது என்ன? வந்தாய், குனிந்தாய், கதவின் விளிம்பை விரலால் தடவினாய். ஒரு பிசிறு இல்லை, அது உனக்கும் தெரியும். "இன்னாத்துக்கு இன்னும் நிக்கிற? கெளம்பு" என்றாய். முப்பது வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவனிடம் அவ்வளவுதான் பேசினாய்.

நான்கு வருஷம். பம்மலில் எதிரே வந்தபோது ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனாய். பொங்கலுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மாரடைப்பில் நீ போன சேதியை வாட்ஸப் குரூப்பில், யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்குக் கீழேதான் பார்த்தேன். நான் இருக்கிற அஸ்தினாபுரத்துக்கும் உன் பொழிச்சலூருக்கும் என்னடா தூரம்?

போன வாரம் உன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணா, காலேஜ்ல பசங்களுக்குக் காட்டணும்னு வண்டியக் கேக்குறாங்க. எடுத்துகினு போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி வந்து பாத்துடுங்க."

கொட்டகையில் மல்லாந்து படுத்து அந்தக் கதவைத் திறந்தேன். கீலில் எண்ணெய் போட்டிருந்தாய். தண்ணீர் புகாமல் இருக்க விளிம்பில் புது ரப்பர் ஒட்டியிருந்தாய். உள்ளே ஒவ்வொரு நட்டிலும் பழைய கோட்டைச் சுரண்டி, புதிதாகச் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு விரல் இடம் காலியாக விட்டிருந்தாய். நான் அறுத்த கதவு உனக்கு வேண்டியிருந்திருக்கிறது, நான் மட்டும் வேண்டாமாக்கும்! படுத்தபடியே உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். உன் மனைவி காதில் விழுந்திருக்கும்.

"ஒருநாள்கூட ஏம்மா எடுத்து ஓட்டல?" என்று கேட்டேன்.

"நானும் கேப்பேண்ணா. இன்னும் ரெண்டாவது செக்கிங் ஆவலன்னுவாரு."

ஒரு போன் செய்திருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேனே, பாவி. உன் வறட்டுப் பிடிவாதத்தில் வண்டியும் பறக்கவில்லை, நாமும் பேசவில்லை.

என் பழைய நீல பாட்டில் காய்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கித்தான் வந்திருந்தேன், ஏன் வாங்கினேன் என்று தெரியாமலே. ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் வைத்துப் பார்த்து, நீ விட்டிருந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முந்தின நட்டு கால் சுற்று திரும்பியது. சிவப்புக் கோடு நடுவில் உடைந்தது. முடுக்க மறந்துவிட்டுக் கோடு மட்டும் போட்டிருக்கிறாய். வரிசையாகக் கோடு போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்?

அதை முடுக்கினேன். உன் பாட்டில் அங்கேயே அலமாரியில் இருந்தது, எடுத்துச் சிவப்புக் கோடும் போட்டேன். பக்கத்தில் நீலம் வைக்கப் போன கை நின்றுவிட்டது. இப்போது முடுக்கியவன் நான். பார்க்க வேண்டியவன் நீ.

வண்டி காலேஜுக்குப் போய்விட்டது. மற்ற எல்லா நட்டிலும் இரண்டு கோடு இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் சிவப்பு, அதுவும் நான் போட்டது. நீல பாட்டில் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.