திரும்பு, நிறுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை, நான் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கமாகக் கேட்கிற இடத்தில் இந்தத் தடவை, நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், எழுதியதை ஒரு முறை படித்தும் பார்த்துக்கொண்டேன். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனை எடுத்தால் எனக்கு வேலைக் குரல் வந்துவிடுகிறது, நாலு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் போகிற குரல். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. மேகத்துக்குள்ள போறப்ப ஜைரோ கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு, கீழேருந்து வழி சொன்னாங்க, இறங்கிட்டேன், அவ்வளவுதாம்மா என்று நீ சொன்னாய், சரிப்பா, சாப்பிட்டியா என்று நான் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களை இறக்குகிறவளிடம் வந்து அவ்வளவுதான் என்கிறாயே, அந்த அவ்வளவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா கண்ணா.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கண்ணாடிக் கடை நன்றாக நடக்கிறது, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனிதர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை மேஜையாகத் தேடுவதும் நன்றாகவே நடக்கிறது. உன் தங்கை இப்போது கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினை அவளே ஓட்டுகிறாள், அப்பாவைவிடக் கை சுத்தம் என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள், அப்பாவுக்கு அதில் பெருமையும் கொஞ்சம் பொறாமையும். எனக்கும் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வந்துவிட்டது, வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டேன், கவலைப்படாதே. உன் விஷயத்தை அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மேகத்துக்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, உடம்பு சாய்ந்திருப்பதும் உடம்புக்கே தெரியாது, அதனால் எது மேல் எது கீழ் என்று காட்ட ஒரு டயல் இருக்கிறது, அதற்குப் பேர் செயற்கை அடிவானம், அதற்குள்ளே ஜைரோ என்கிற ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதைச் சுற்றவைப்பது ஒரு காற்றுப் பம்ப் என்றேன். பம்ப் நின்னா டயல் நின்னுடும், அவ்வளவுதானே என்றார். நின்றால் நல்லது, நிற்காது, சக்கரம் சோர்ந்து சோர்ந்து மெதுவாகச் சாயும், விமானம்தான் சாய்கிறது என்று நினைத்து ஓட்டுகிறவன் எதிர்ப்பக்கம் திருப்புவான், நேராகப் போகிற விமானத்தைத் தன் கையாலேயே கவிழ்ப்பான் என்றேன். அப்பா கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன் அல்லவா, அதை அன்றைக்கே நாலு தடவை படித்தேன். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒற்றை எஞ்சின் விமானத்தில் நீ தனியாக, காலை பத்து மணிக்கு, நாலாயிரம் அடியில் மேகத்துக்குள். பம்ப்பின் முள் பூஜ்யத்தில் விழுந்ததைப் பார்த்தது பத்து பன்னிரண்டு. கட்டுப்பாட்டு அறைக்கு நீ சொன்னது பத்து பத்தொன்பது. ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தை நீ ஒரே வரியில் எழுதியிருக்கிறாய், நிலைமையைச் சமாளிக்க முயன்றேன் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். பைலட் எனக்குக் கருவி போய்விட்டது என்று சொன்னால் அடுத்த நொடி வேலையே மாறிவிடும், மற்ற விமானங்களை வேறு அலைவரிசைக்கு அனுப்புவோம், ஓடுபாதையைக் காலி செய்வோம், அதற்குத்தானே நாங்கள் சம்பளம் வாங்குகிறோம், இது தெரிந்த வீட்டில் பிறந்தவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று மூன்று நாள் புலம்பினேன்.

புலம்பலைத் தாங்க முடியாமல் உன் தங்கை உடைத்துவிட்டாள். நீ அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம், அவளைத் திட்டாதே, நான் அவளுக்கு நன்றி சொல்கிறேன். புதன்கிழமை மத்தியானம் என் கண்ணாடியை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், பின்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா மாதிரி ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க, இதுக்கெல்லாம் கூப்பிட்டா சாயங்காலம் வீட்டுக்குப் போய் சாப்பாட்டு மேஜையில என்னையும் கொசுன்னு சொல்லிச் சிரிப்பாங்கன்னு தோணிச்சு, அதான் வாய் வரலன்னு அண்ணன் சொன்னாம்மா என்றாள்.

கொசுவை உனக்கு நினைவிருக்கிறது, வீட்டில் நான் செய்த அந்தக் கேலி எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. நிலம் அளக்கிற கேமராவை ஒரு குட்டி விமானத்தில் மாட்டிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் எங்கள் வான்வெளிக்குள் வருவாரே அந்த மனிதர். காற்று எந்தப் பக்கம் என்பார், சொல்வோம், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் காற்று என்பார். மேகம் எத்தனை அடியில், காற்றழுத்தம் எவ்வளவு, எனக்கு முன்னால் இறங்கியவருக்கு ஆட்டம் இருந்ததா, நீங்கள் தந்த திசையை இன்னொரு முறை சொல்ல முடியுமா, இப்படிக் காதுக்குள் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பார். நான்தான் கொசு என்று பெயர் வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் மாதிரியே பேசிக்காட்டுவேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், ஒன்பது வயதில் நீ கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு என்னைவிட நன்றாகச் செய்வாய், அப்பாவுக்குப் புரை ஏறும். அந்தச் சிரிப்பில் நான் உனக்கு என்ன ஊட்டினேன் என்று அப்போது தெரியவில்லை. கேட்கிறவன் தொந்தரவு, கேட்காதவன் கெட்டிக்காரன் என்று ஊட்டியிருக்கிறேன். அந்த மனிதர் முப்பத்திரண்டு வருஷம் பறந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றார், அவர் விமானத்தில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. கடைசி நாள் அலைவரிசையில் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கு எல்லோருக்கும் நன்றி என்றார், நான் மைக்கை அணைத்துவிட்டு அப்பாடா என்றேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணா. உன்னைக் காப்பாற்றவேண்டிய வேலையைச் செய்கிற நானே உன் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறேன்.

உன் வாயைத் திறக்கவைத்தவள் நீ இறங்கிய ஊரின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த, முகம் தெரியாத அந்தப் பெண். அவள் செய்ததை ஓட்டுகிறவனாக நீ அறிவாய், அந்த நாற்காலியில் உட்காருகிறவளாக நான் சொல்கிறேன் கேள். நீ நேராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இடது பக்கமாக வளைந்துகொண்டிருந்தாய், திரையில் அது அரிசி அளவு நகர்வு. அவளிடம் அப்போது இன்னும் ஐந்து விமானங்கள் இருந்தன. திசை என்ன காட்டுகிறது என்று கேட்டாள், அதே பம்ப்பில் ஓடிச் செத்துக்கொண்டிருந்த திசை டயலைப் பார்த்து, அவள் தந்திருந்த எண்ணையே நீ சொன்னாய். எல்லாம் சரியா என்றாள், சரி என்றாய். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள், உண்மையைச் சொன்னால் நானும் விட்டிருப்பேன். அவள் விடவில்லை, மேலே தொங்குகிற சாதாரணக் காந்த காம்பஸ் என்ன காட்டுகிறது என்று மூன்றாவதாகக் கேட்டாள் பார், அந்தக் கேள்விக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள். அந்த காம்பஸுக்குப் பம்ப்பும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம், அதற்குப் பொய் சொல்ல வராது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை, நீயும் அதற்கு மேல் மறைக்கவில்லை. கெட்டுப்போன இரண்டு டயல்களையும் காகிதம் வைத்து மூடச் சொன்னாள், திருப்பத்தில் காம்பஸும் தள்ளாடும் என்பதால் அதையும் பார்க்கவேண்டாம், நான் சொல்லும்போது திரும்பு, நான் சொல்லும்போது நிறுத்து என்றாள். எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய் என்று காட்டுகிற, மின்சாரத்தில் ஓடுகிற அந்தச் சின்னத் திருப்பமானி ஒன்றை வைத்துக்கொண்டு நீ திரும்ப, அவள் நொடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினொரு தடவை திரும்பு, பதினொரு தடவை நிறுத்து. தொள்ளாயிரம் அடியில் மேகம் விலகி ஓடுபாதை தெரிந்தது. அந்தத் திருப்பமானியைச் செய்தவர் யாரோ, அவருக்கும் நன்றி, பம்ப்பை நம்பாமல் அதற்கு மின்சாரம் கொடுத்தவருக்கும் நன்றி.

வியாழக்கிழமை வேலைக்குப் போனதும் வந்த ஒவ்வொரு விமானத்திடமும் எல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. எங்கள் மேற்பார்வையாளர், முப்பது வயதிலேயே தலை நரைத்ததால் நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோமே அவர், இன்னைக்கு என்னக்கா கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி எல்லாரையும் குசலம் விசாரிக்கிறீங்க என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் நீ இறங்கிய இடத்தின் கட்டுப்பாட்டு அறை நம்பரைத் தேடித் தந்தார். சனிக்கிழமை விடுமுறை, மத்தியானம் கூப்பிட்டேன். எடுத்தவர் ஏதோ புகார் என்று நினைத்து விறைப்பாகப் பேசினார், நான் அந்த விமானத்தின் அம்மா என்று சொல்லிவிட்டேன், அவசரத்தில் வாயில் அப்படித்தான் வந்தது. அதன் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. பெயர் சொல்ல விதி இல்லை என்றார், எனக்கும் அந்த விதி தெரியும். ஆனால் அன்றைக்குத் திரையில் நடந்ததை, நான் மேலே எழுதியதையெல்லாம், வரிசையாகச் சொன்னார், இன்னொன்றும் சொன்னார். நீ இறங்கி எஞ்சினை அணைக்கிற வரைக்கும் அவள் குரல் ஒரு இழை கூட நடுங்கவில்லையாம். பிறகு நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாளாம், திரும்பி வந்து அடுத்த விமானத்தை எடுத்துக்கொண்டாளாம். அந்தப் பையன் மறுபடி பறக்கிறானா என்று இதுவரை இரண்டு தடவை கேட்டிருக்கிறாளாம், யாருக்கும் பதில் தெரியவில்லை.

பதில் எனக்கும் தெரியாது. நீ பத்து நாள் லீவு போட்டிருக்கிறாய், இந்த வேலையே வேணுமான்னு யோசிக்கிறேன் என்று தங்கையிடம் சொன்னாயாம். பற என்றோ பறக்காதே என்றோ நான் சொல்லமாட்டேன், இரண்டில் எதைச் சொன்னாலும் அது என் பயம்தான் பேசும். பறந்தாலும் தரையில் இருந்தாலும் ஒன்று மட்டும் செய், தெரியாததைக் கேள், முடியாததை முடியாது என்று சொல், முதல் நிமிஷத்திலேயே சொல். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், சிரித்தவளே சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த மெல்லிய ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு, அப்பா ஒரு குளிர்கண்ணாடி அனுப்புகிறார், போட்டுக்கொள், இல்லாவிட்டால் என்னைத்தான் நச்சரிப்பார். உன் தலையில் கை வைத்து நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம், நீ நூறு வயது இருக்கவேண்டும், அதில் ஒரு நாள் கூட வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படக்கூடாது.

ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. வருகிற வாரம் முழுக்க அந்தப் பெண்ணுக்குக் காலை ஷிஃப்ட் என்று ஃபோனில் பேசிய அந்த மனிதர் சொன்னார், கீழே வாசலில் சொன்னால் மேலே விடச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னார். எங்கள் வேலையில் ஒரு விமானம் இறங்கிவிட்டால் அதோடு சரி, உள்ளே இருந்தவர் யார், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று ஒருநாளும் தெரியாது, இத்தனை வருஷத்தில் என் அறைக்கு ஒருவரும் படியேறி வந்ததில்லை. நீ போ. பூங்கொத்து வேண்டாம், என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வாசலில் நிற்கவும் வேண்டாம். வணக்கம் என்று சொல், போதும். உன் குரலை அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னை அவளிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்ட
உன் அம்மா