நிலாவை அளந்த பதினொரு நோட்டு

11 ஜூலை 1978, செவ்வாய்

வேலூரிலிருந்து பார்சல். ‘தொலைநோக்கி’ பத்திரிகை ஆசிரியர் இராஜமாணிக்கம் உள்ளே நாலு வரி வைத்திருந்தார். “இது இன்னும் புத்தகமாகவில்லை. மெட்ராஸ் பதிப்பாளர் ஒருவர் உங்கள் விமர்சனத்தைப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பாராம். கொஞ்சம் தயவு காட்டவும்.”

என் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு! சூசைமேரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “ரசம் பொங்குது, நவுருங்க” என்றாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம்.

பகலெல்லாம் ஆரணி வேணுகோபால் சில்க்ஸில் குமாஸ்தா. நெசவாளிகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பேன். வருகிற புடவையில் ஒரு புட்டாப் பூ அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் பிடித்து, நெய்தவனை உலுக்கி எடுப்பேன். மாதம் ஒரு தடவை பத்திரிகையில் ‘அண்டரண்டா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு ராக்கெட்டுக்கும் பூதத்துக்கும் பறக்கும் பட்டணத்துக்கும் தீர்ப்புச் சொல்வேன். எழுதியவர் அகப்பட்டால் பேட்டியும் உண்டு. போன மாதம் வந்த செவ்வாய்க்கிரக நிபுணர் வேலூரிலிருந்து பஸ்ஸில் வழிநெடுக வாந்தி. வீடு சேர்ந்ததும் எலுமிச்சம்பழம் கேட்டார். பேட்டி அதற்கப்புறம்தான். விஞ்ஞானத்தில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவனுக்கு ஆண்டவர் கொடுத்த வாழ்வு இது. ஸ்தோத்திரம்.

பார்சலில் பதினொரு பள்ளிக்கூட நோட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அட்டை. ‘நிலாவில் புறம்போக்கு. எழுதியது: கிருஷ்ணம்மாள், ஆசிரியை, தெள்ளார்.’ சர்க்கார் நிலாவை அளந்து பட்டா போட ஒரு சர்வேயரையும் அவர் மனைவியையும் அனுப்புகிறது. அளக்கும் சங்கிலியின் ஒரு முனை அவர் கையில், மறு முனை அவள் கையில். முதல் நோட்டிலேயே விழுந்துவிட்டேன்.

14 ஜூலை, வெள்ளி

கடையில் படிப்பது குற்றம். “புடவையப் பாருய்யா, பொஸ்தகத்தப் பாக்காத” என்பது முதலாளியின் பத்துக் கட்டளைகளில் முதலாவது. வீட்டில் வைத்தால் சூசைமேரி அட்டையைக் கிழித்து முறுக்குப் பொட்டலம் மடித்துவிடுவாள். அதனால் பதினொன்றையும் பைக்குள் வைத்துக் கடைக்கே கொண்டுபோயிருந்தேன். இன்றைக்குப் பார்த்து முதலாளி காஞ்சிபுரம் போகாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

மேஜைமேல் பதினொரு நோட்டு. வாசலில் செருப்புச் சத்தம். பின்னாலேயே பாவு அலமாரி, ஊருக்கு ஒரு அறை, நெசவாளிகளின் பழுப்பு அட்டை டிசைன் நோட்டெல்லாம் அதில்தான். கைக்கு வந்த அறையில் ஒவ்வொன்றாகச் செருகினேன். முதலாளி உள்ளே வந்தபோது ஒரு புடவையை முகர்ந்துகொண்டு நின்றேன். “என்னய்யா, புடவைய மோந்து பாக்கற?” என்றார். “சாயம் பாக்கறேங்க” என்றேன்.

சாயங்காலம் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாக உருவிப் பையில் போட்டேன். பத்துதான் இருக்கிறது.

15 ஜூலை

ஒன்றைக் காணோம். ஆண்டவரே, தெள்ளார் டீச்சருக்கு என்ன பதில் சொல்வேன்?

19 ஜூலை, புதன்

முள்ளிப்பட்டு அய்யாக்கண்ணு பாவு வாங்க வந்தான். மடியிலிருந்து பழுப்பு அட்டை நோட்டை எடுத்தான். போன வெள்ளிக்கிழமை தன் டிசைன் நோட்டு என்று நினைத்து எடுத்துப் போய்விட்டானாம்.

“சார், இன்னா டிசைனு இது? நிலாவுல ஒருத்தன் சைக்கிள்ள வந்து எறங்கறான். பொண்டாட்டி கூழு கரைச்சி வெச்சிகினு காத்துகினு இருக்கறா. எங்க ஊட்ல நாலு நாளா தறிகிட்ட உக்காந்து இதத்தான் படிச்சிகினு இருந்தாங்க. அப்புறம் இன்னா ஆச்சு?”

அவனைக் கட்டிக்கொண்டேன். முதலாளி பார்க்கவில்லை. வந்த நோட்டைக் கட்டின் கடைசியில் வைத்தேன்.

20 ஜூலை

முழுதும் படித்து முடித்தேன். அடடா, இது சாதாரணக் கதை இல்லை! ஒரு இடத்தில் புருஷன் இறந்துபோகிறான். அடுத்த நோட்டில் இருக்கிறான். மறுபடி இல்லை. அவள் தனியாக அளக்கிறாள், திடீரென்று ராக்கெட் ஏறப் புறப்படுகிறாள். கடைசி நோட்டில் அவன் சைக்கிளில் வந்து கூழ் குடிக்கிறான். காலத்தையே கலைத்துப் போட்டிருக்கிறார். தெள்ளாரில் உட்கார்ந்துகொண்டு! முதல் தடவை புரியவில்லை. ஆகவே மேதைமை என்று முடிவு செய்தேன்.

9 ஆகஸ்ட்

விமர்சனம் வந்துவிட்டது. ‘மரணத்தை வரிசையிலிருந்து பிடுங்கி எறிந்த முதல் தமிழ் நாவல்.’ நானா எழுதினேன்? மூன்று வாசகர் கடிதம். ஆசிரியர் கார்டில் “சபாஷ்”. பாதிரியார்கூட பூசை முடிந்து என்னைத் தனியாகப் பார்த்துச் சிரித்தார். இந்த அற்ப ஜென்மத்துக்கு இவ்வளவா!

20 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

கிருஷ்ணம்மாள் பேட்டிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைத்தறிப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. சூசைமேரி இடியாப்பம் வைத்தாள். நான் பேனாவைத் திறந்துகொண்டு, தயாரித்து வைத்திருந்த முதல் கேள்வியை வீசினேன்.

“காலத்தைக் கலைத்துப் போடும் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்தது?”

“எந்தக் காலத்தைங்க?”

சிரித்தேன். தன்னடக்கம் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து தன் சுத்தப் பிரதியை எடுத்து வைத்தார். “அத்தக் கேக்கத்தாங்க நானே வந்தேன். ஆறாவது நோட்டுல அவரு செத்துப் போயிடறாரு. அதோட சரி. அப்புறம் திரும்பி வர்றதே இல்லீங்க. சைக்கிள்ள வந்து கூழு குடிக்கறது ரெண்டாவது நோட்டு.”

சூசைமேரி அடுக்களைக் கதவில் நின்றபடி என்னைப் பார்த்தாள். எனக்குப் பாவு அலமாரி கண்முன் வந்தது. ஒவ்வொரு அறையாக. எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புச் சத்தம், முள்ளிப்பட்டு, அய்யாக்கண்ணு, எல்லாம்.

“எண்ணு போட்டிருக்கணும். பசங்களுக்கு மட்டும் போடு போடுன்னு சொல்றேன்” என்றார் அவர். தப்பை அவர் தலையில் எடுத்துக்கொண்டார்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு சொன்னார். “எங்க வீட்டுக்காரரு சர்வேயருங்க. மூணு வருசம் ஆச்சு. வந்தவாசிப் பக்கம் அளக்கப் போனவரு காய்ச்சலோட வந்தாரு, நாலே நாளு.” கொஞ்ச நேரம் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “உங்க விமர்சனத்துல அவரு கடைசியில வந்துட்டாருன்னு இருந்துச்சு. தப்புன்னு தெரியும். இருந்தாலும் ரெண்டு நாளு யாருக்கும் சொல்லாம அப்படியே வெச்சிகினு இருந்தேங்க.”

பதிப்பாளர் கடிதத்தையும் காட்டினார். ‘நீங்கள் அனுப்பியது சாதாரணக் கதையாக, நேர்வரிசையில் இருக்கிறது. அண்டரண்டா பாராட்டிய பிரதியை மாத முடிவுக்குள் அனுப்பவும். இல்லையேல் வேறு நாவலை எடுத்துக்கொள்வோம்.’

“அந்த வரிசையிலேயே கொடுத்துவிடலாமே? நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன். கயவன். என் மானத்தைக் காப்பாற்ற அவர் புருஷனையே உயிரோடு எழுப்பப் பார்த்தேன்.

“நல்லாத்தாங்க இருக்குது. ஆனா நடந்தது அப்படி இல்லீங்களே. அவ அவ்வளவு தூரம் தனியா அளந்திருக்கறா. அது வீணாப் பூடும்.” எழுந்தார். “அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. எப்படி எழுதறதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

21 ஆகஸ்ட்

எழுதவில்லை.

23 ஆகஸ்ட்

‘வாசிப்பின் பன்முகத்தன்மை குறித்துச் சில விளக்கங்கள்’ என்று தொடங்கினேன். கிழித்துவிட்டேன்.

எழுதினால் அண்டரண்டா செத்தான். ஆறு வருஷம். ஊரில் எவன் மதிக்கிறான் என்னை? சாயம் முகர்கிறவன். அந்த ஒரு பக்கம்தானே இருந்தது? எழுதாவிட்டால் மாதக் கடைசிக்குள் ஒரு பொம்பளையின் பதினொரு நோட்டு குப்பை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே! வெட்கம்கெட்ட மனசு, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

24 ஆகஸ்ட்

சூசைமேரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “புட்டா நவுந்து போச்சுன்னு அய்யாக்கண்ணு புடவையத் திருப்பி அனுப்பினீங்களே, அன்னிக்கு அவன் இன்னா செஞ்சான்?”

“பிரிச்சு நெய்தான்.”

“பன்னெண்டு மொழம். பேசாம பிரிச்சான் இல்ல? உங்களுக்கு ஒரு பக்கம் பிரிக்க இவ்ளோ பேஜாரா?”

இந்த வீட்டில் விமர்சகர் யார் என்று எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

25 ஆகஸ்ட்

எழுதிவிட்டேன். பதிப்பாளருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. எதையும் மறைக்கவில்லை. அலமாரி, செருப்புச் சத்தம், சாயம் முகர்ந்தது, புரியாததை மேதைமை என்று எழுதியது, எல்லாம். பெயரும் அண்டரண்டா இல்லை. சூ. பெரியநாயகம், குமாஸ்தா, ஆரணி. இரண்டையும் ரிஜிஸ்தர் தபாலில் போட்டேன். திரும்பும்போது சேவூர் ரோட்டில் ஒரு டீ குடித்தேன். ருசியாக இருந்தது.

12 செப்டம்பர்

ஆசிரியர் என் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டார், தலைப்பு மட்டும் அவருடையது: ‘நிலா முள்ளிப்பட்டு போன கதை’. கூடவே தனியாக ஒரு கடிதம்: “நல்ல மனது. ஆனால் இனி உங்கள் தீர்ப்பை யார் நம்புவார்கள்? இப்போதைக்குப் பத்தியை நிறுத்தி வைப்போம்.” நியாயம்தான். காலையில் ஆறிய இட்லியை விழுங்கியதுபோல இருந்தது. சாயங்காலம் அதுவும் இறங்கிவிட்டது.

முதலாளி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அறைந்தால் உடையக்கூடாது பாருங்கள்.

“என் அலமாரியில நிலாவ வெச்சிகினு இருந்தியா நீ?” அவர் தொப்பை குலுங்கியது. ஐந்து நிமிஷம் சிரித்தார். “மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல படிச்சிக்கோ. ஒளிச்சிகினு படிக்காத, சரக்குல கலந்துடுது.”

இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சலுகை.

20 செப்டம்பர்

தெள்ளாரிலிருந்து கார்டு. ‘மெட்ராஸ்காரர் உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். என் வரிசையிலேயே அச்சுக்குப் போகிறது. அம்மாவிடம் இடியாப்பம் நன்றாக இருந்தது என்று சொல்லவும். அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.’

சூசைமேரி அந்தக் கார்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். என் விமர்சனம் ஒன்றையும் அங்கே வைத்ததில்லை.

18 மார்ச் 1979, ஞாயிறு

நேற்றுப் புத்தகம் வந்தது. பச்சை அட்டை, மை வாசனை. முதல் பக்கத்தில், உருண்டை எழுத்தில், ‘முதல் வாசகர் பெரியநாயகம் அய்யாவுக்கும், இரண்டாவது வாசகர் முள்ளிப்பட்டு அய்யாக்கண்ணுவுக்கும்.’ அய்யாக்கண்ணுவின் பிரதி தனியாக இருக்கிறது. அவன் பாவு வாங்க வரும்போது கொடுப்பேன்.

பூசை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். விமர்சனம் எழுதப் போவதில்லை, பத்தியும் இல்லை. பென்சில் இல்லாமல் ஒரு புத்தகத்தைப் படித்து எத்தனை வருஷம்! சைக்கிளும் கூழும் சீக்கிரமே வந்துவிட்டன. அந்த இடத்தில் இரண்டு தடவை நின்றேன். போன வருஷம் அதையே முடிவு என்று எழுதியவன் நான்.

நூற்றுநாலாம் பக்கத்தில் அவர் இறந்துபோனார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். சூசைமேரி எட்டிப் பார்த்தாள். “முடிஞ்சிடுச்சா?”

“இல்ல. இன்னும் பாதி இருக்குது.”

அவர் இல்லாத நூற்றுப்பத்துப் பக்கம். சங்கிலியின் மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லாததால், அவள் ஒவ்வொரு தடவையும் முளை அடித்து மாட்டுகிறாள். நடந்து போய் அளக்கிறாள். திரும்பி வந்து முளையைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் அடிக்கிறாள். ஒரு முழம் நிலாவைக்கூட விடவில்லை.

சாயங்காலம் வரை அவள் கூடவே நடந்தேன்.