ரிக்கோவ் அத்தியாயம்

6 ஜனவரி 2025, திங்கள்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் தமிழ்மணி எழுந்து கேட்டாள்: "ரஷ்யாவுல ஜனாதிபதியும் இருக்காரு, பிரதமரும் இருக்காரு. யாரு சார் பெரியவங்க?" நாட்டுக்குத் தலைவர் ஒருவர், அரசாங்கத்துக்குத் தலைவர் இன்னொருவர் என்றேன். "அப்ப மாலை வாங்கறதுக்கு ஒருத்தரு, திட்டு வாங்கறதுக்கு ஒருத்தரா?" வகுப்பே சிரித்தது. எட்டு வருஷமாக நான் எழுதியதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

விட்டே முதல் கோசிகின் வரை, ரஷ்ய அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கிய ஆறு பேரின் வாழ்க்கை. என் முனைவர் பட்ட ஆய்வேடு, ஆறு அத்தியாயம். முழுப் பிரதியை நெறியாளர் சக்கரபாணி ஐயாவிடம் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. இன்றுதான் கையெழுத்துப் போட்டார். மார்ச் 31-க்குள் சமர்ப்பிக்காவிட்டால் என் பதிவு ரத்து. இன்னும் எண்பத்து நாலு நாள். போதும்.

17 ஜனவரி

பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கக் காணை போய் வந்தேன். அம்மா கேட்டாள்: "இந்த வருசமாவது டாக்டரு ஆயிடுவியாடா சித்தார்த்தா?" ஆகிவிடுவேன் என்றேன்.

23 ஜனவரி, வியாழன்

சோதனைக்கு ஐயா அனுப்பிய என் ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கணினியில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவரான ரிக்கோவின் அத்தியாயம் தொண்ணூற்றாறு விழுக்காடு காப்பி. எதிலிருந்து? ஒன்பது மாதம் முன்பு ஒரு ஆய்விதழில் வந்த கட்டுரையிலிருந்து. எழுதியவர்: முனைவர் ப. சக்கரபாணி.

என் வாக்கியங்கள். ரிக்கோவுக்குத் திக்குவாய் இருந்ததை நான் எழுதியிருந்த அதே பத்தி. காலராவில் தகப்பன் சாக, அக்காள் தூக்கி வளர்த்த பிள்ளை என்று எழுதியிருந்தேனே — "தூக்கி வளர்த்த" என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை.

24 ஜனவரி

ஐயா வீடு திண்டிவனத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. காபி கொடுத்தார். மறுப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். மறுக்கவே இல்லை.

"கைடு பேர்ல கட்டுரை வர்றது எங்கியும் நடக்கறதுதானே தம்பி. நான் இல்லாம நீ இந்த டாபிக்கைத் தொட்டிருப்பியா?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே வழியும் சொன்னார். "ஒரு லெட்டர் எழுதிக் குடு. என் கட்டுரைலேர்ந்து எடுத்தேன், அடிக்குறிப்பு விட்டுப்போச்சுன்னு ரெண்டே வரி. அந்த அத்தியாயத்தைத் திருத்திக் குடுத்துடலாம். மார்ச்சுக்குள்ள முடிச்சுடலாம்."

என் அத்தியாயத்தை அவரிடமிருந்து திருடினேன் என்று நானே எழுதித் தர வேண்டும். எழுந்து வந்தேன். காபியைக் குடித்திருந்தேன் என்பது தெருமுனையில்தான் உறைத்தது. அதற்கே அவமானமாக இருந்தது.

27 ஜனவரி

கலைப்பிரியா நர்ஸ் டியூட்டி முடிந்து வார்டிலிருந்து வந்து யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. எல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனுக்குக் கரு கலைஞ்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? மெட்ராசுல, லைப்ரரில. ஒரு வார்த்த கேட்டிருப்பனா? இப்பக் கேக்கறேன். எழுதிக் குடுத்துட்டு வாங்க. பர்மனென்ட் வேலைக்கு அந்தப் பட்டம் வோணும். நாப்பத்தொண்ணு ஆவுது உங்களுக்கு."

கோசிகின் அத்தியாயம் எழுதிய மாதம் அது. மனைவி மருத்துவமனையில் உயிர்விட்ட நேரத்தில் மே தின மேடையில் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் என்பார்கள். அதை உருகி உருகி எழுதினேன். என் வீட்டில் நடந்ததற்கு அடுத்த நாள்தான் வந்தேன்.

3 பிப்ரவரி

கொடுத்துவிட்டேன். இரண்டு வரி. கையெழுத்து, தேதி.

ஐயா படித்துப் பார்த்து, "'தெரிந்தே'ன்னு ஒரு வார்த்தை சேத்துடு, அப்பதான் கமிட்டி ஒத்துக்கும்" என்றார். சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்?

ஆறு வருஷம் சோவியத் அரசாங்கத்தை நடத்திய ரிக்கோவ், 1938 மார்ச்சில் கூண்டில் நின்று தன்னைத் துரோகி என்று தானே சொன்னார். அந்த விசாரணை ஏட்டைப் படித்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன்: "இப்படி ஒருவன் ஒத்துக்கொள்வானா?" அவர் முன்னால் துப்பாக்கி இருந்தது. என் முன்னால் பிஸ்கட் தட்டு.

19 பிப்ரவரி, புதன்

விழுப்புரம் கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் என் கடிதத்தின் நகல். "கருத்துத் திருட்டை நீங்களே ஒத்துக்கினு எழுதியிருக்கீங்க சார். உங்களை வச்சிக்கினு இருந்தா எனக்குப் பேஜாரு."

கௌரவ விரிவுரையாளர் வேலையிலிருந்து இன்று முதல் நிறுத்தம். பதினோரு வருஷம். 'கௌரவம்' என்ற சொல்லை எவன் இதில் சேர்த்தான்!

ஐயாவுக்கு ஆறு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடிதம் கல்லூரிக்கு எப்படிப் போயிற்று? வேறு யார் அனுப்பியிருப்பார்கள்? நான் வாய் திறந்தாலும் இனி யாரும் நம்பாதபடி செய்துவிட்டார்.

21 பிப்ரவரி

கடிதம் கட்டாயத்தில் எழுதியது என்று பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். ஆதாரம் கேட்பார்கள். என் கையெழுத்துப் பிரதியை அடித்துக் கொடுத்தது விழுப்புரத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் காதர் பாட்சா பாய். ஓடினேன்.

"டிசம்பர் வெள்ளத்துல சிஸ்டம் பூரா தண்ணி பூந்துடுச்சி சார். உங்க நோட்டுங்களும் கீழ் ஷெல்ப்லதான் இருந்துச்சி. கஞ்சியா பூட்சி. சொல்றதுக்கு வாய் வரல சார், அதான்…"

அவர் கண்ணில் நீர். நான் அவருக்குத் தேறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கட்டுரைக்கு முன்பே நான் எழுதியது என்று காட்ட மிஞ்சியது, ஐயாவிடம் பென்டிரைவில் கொடுத்த பிரதி ஒன்றுதான். அதை அவர் திருப்பித் தரவே இல்லை.

விட்டே தன் நினைவுக் குறிப்புகளை வெளிநாட்டில் ஒளித்துவைத்தார். அவர் செத்த பிறகு போலீஸ் வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். மடையன்.

5 மார்ச்

விசாரணைக் குழு. மூன்று பேர். நான் பேசிய இருபது நிமிஷமும் ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர் கேட்டார்: "எல்லாம் சரி. இது உங்க கையெழுத்துதானே?"

ஆம் என்றேன்.

11 மார்ச்

விழுப்புரத்தில் ரயில் நிலையத்தில் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்துக்கு மூன்று ரயில் போயிற்று. ஏறவில்லை. எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். கலைப்பிரியா போன் செய்தாள், சோறு வடிக்கவா என்று. வடி என்றேன். வந்துவிட்டேன்.

12 மார்ச்

நேற்று எழுதாததைக் கலைப்பிரியாவிடம் வாயால் சொன்னேன். ரொம்ப நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நாடி பார்ப்பதுபோல. "நான்தான் எழுதிக் குடுக்கச் சொன்னேன்" என்று அழுதாள். பிறகு அவளே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். இனி தினமும் அவள் டியூட்டிக்குப் போகும்போது நானும் போய், மருத்துவமனை வாசலில் உட்கார வேண்டுமாம். போகிறேன்.

19 மார்ச், புதன்

ஹுமைரா வந்தாள், அவளுடைய வாப்பா அப்துல் ஹக்கீமோடு, கோட்டக்குப்பத்திலிருந்து. அவளும் ஐயாவின் மாணவி. அடுத்த மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. கலைப்பிரியா தண்ணீர் கொண்டுவந்தாள். "வேணாங்க, நோன்பு" என்றாள் ஹுமைரா. உட்காரவே இல்லை.

"அந்தக் கட்டுரையை நான்தான் சார் டைப் செட் பண்ணிக் குடுத்தேன். போன வருசம் ஐயா உங்க ஃபைலை எனக்கு மெயில்ல அனுப்பி, மொதப் பக்கத்தை எடுத்துட்டு நடுவுல ஒரு அத்தியாயத்தைத் தனியா வெட்டித் தரச் சொன்னாரு. மொதப் பக்கத்துல உங்க பேரு இருந்துச்சி. மெயில் இன்னும் இருக்கு சார்."

ஒரு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள். கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன் — என் வேலை, என் பேரு, எல்லாத்தையும் தின்னுட்டு இப்ப வந்து நிக்கிறியே! அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். அவள் வாப்பாதான் பேசினார்:

"நோன்பு புடிச்சிக்கினு இத உள்ள வச்சிக்கினு இருக்க முடிலன்னு ராத்திரி எங்கிட்ட அழுதுச்சிங்க. இதச் சொன்னா அதோட பட்டம் நிக்குமோ நிக்காதோ தெரியாது. சொல்லிடும்மான்னு நான்தான் கூட்டியாந்தேன்."

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை வாங்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

28 மார்ச், வெள்ளி

மெயில், வாக்குமூலம் எல்லாம் குழுவிடம் கொடுத்தாயிற்று. ஆனால் விசாரணை நடக்கும்போது ஆய்வேட்டை வாங்க முடியாதாம். காலநீட்டிப்பும் நெறியாளர் கையெழுத்து இல்லாமல் தர முடியாதாம். ஹுமைராவின் வாய்மொழித் தேர்வையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

31 மார்ச்

ரம்ஜான். அலுவலகம் விடுமுறை. பதிவு முடிந்தது.

12 ஜூன்

உத்தரவு வந்தது. கட்டுரை நீக்கப்படுகிறது. சக்கரபாணி இனி யாருக்கும் நெறியாளராக இருக்க முடியாது. நான் எழுதிய கடிதம் செல்லாது. கடைசி வரி: பதிவுக் காலம் முடிந்துவிட்டதால், மாணவர் விரும்பினால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கலைப்பிரியா இரண்டு முறை படித்தாள். "ஜெயிச்சிட்டமா, தோத்துட்டமா?"

ரிக்கோவைச் சுட்டார்கள். மனைவியையும் சுட்டார்கள். மகள் நத்தாலியா பதினெட்டு ஆண்டுக்குப் பக்கம் சிறையிலும் நாடுகடத்தலிலும் கிடந்தாள். தகப்பன் குற்றமற்றவன் என்று 1988-இல் காகிதம் வந்தபோது அவளுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவளிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா?

தெரியவில்லை என்றேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஹுமைராவுக்கு இன்று வாய்மொழித் தேர்வு. வேறு நெறியாளர். என்னை வரச் சொல்லி அவளே போன் செய்தாள். போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கலைப்பிரியா லீவு போட்டுவிட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

அரங்கத்து வாசலில் வருகைப் பதிவேடு. பெயர், பதவி, கையெழுத்து. பெயரை எழுதிவிட்டேன். பதவிக் கட்டத்தில் பேனா நின்றது; வேலையும் இல்லை, பதிவும் இல்லை. பின்னால் வரிசை. "ஜல்தி சார், ஆரம்பிக்கப் போறாங்க" என்றார் அட்டெண்டர்.

'முனைவர் பட்ட ஆய்வாளர், முதலாண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்; புதிதாகப் பதிய நாளைக்கே போக வேண்டும். கலைப்பிரியா எட்டிப் பார்த்தாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கீழே தன் பெயரை எழுதினாள்.