நமக்கு மட்டும் வாங்க ஒரு நாள்

ஷார்ஜா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சம்யுக்தா அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் உடனே மொராக்கோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இங்கே வந்திருக்கும் உங்கள் ரூம்காரர் முனியசாமி வியாழக்கிழமை சவூதிக்கு, உங்கள் ஜுபைலுக்குத் திரும்புகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் பயண விஷயம். ஸ்பெயின் விசாவை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பல தடவை போய்வரலாம் என்றுதான் இருவருக்கும் இருக்கிறது. ஒரு நாள் கடை பார்க்க ஸ்பெயினிலிருந்து மொராக்கோவின் டேஞ்சியருக்குக் கப்பல் ஏறிவிட்டால் நாம் ஐரோப்பாவை விட்டு வெளியேறியவர்கள். ஒரே தடவை நுழையும் விசாவோடு கடைக்குப் போன ஒரு குடும்பம் திரும்ப வர முடியாமல் துறைமுகத்தில் நின்ற கதையை எங்கள் பெயின்ட் கம்பெனி லேபில் ஒரு பிலிப்பினோப் பெண் சொன்னாள். அதிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம். மொராக்கோ விசாவும் வந்துவிட்டது.

ஸ்பெயின் கரையில் தரிஃபாவிலிருந்து ஃபெர்ரி ஒரு மணி நேரம்தான். காற்று பலமாக அடித்தால் விடமாட்டார்களாம். அதனால் மறுநாளையும் காலியாக வைத்திருக்கிறேன். கப்பலுக்குள்ளேயே பாஸ்போர்ட்டில் முத்திரை போடுகிறார்கள். ஏறியதும் கடலைப் படம் எடுக்க மேல்தளத்துக்கு ஓடாமல் முதலில் வரிசையில் நில்லுங்கள்.

கடைகளைப் பற்றி உங்கள் சைட்டில் இருக்கும் மொராக்கோ ஃபிட்டர் ஹிஷாம் சொன்னதில் பாதியைத்தான் நம்புகிறேன். தன் ஊர்க் கடைத்தெருவை யார்தான் குறைத்துச் சொல்வார்கள்? நமக்கு மாலையில் கப்பல் இருக்கிறது என்பது கடைக்காரனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விலையைக் குறைக்க அவனுக்கு என்ன அவசரம்? நீங்கள் அரபியில் பேரம் பேசுவதாகச் சொல்கிறீர்கள். யல்லா, கலாஸ், மாஃபி என்று வா, முடிந்தது, இல்லை மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தோல் செருப்புகூட வாங்க முடியாது.

ஆனால் நீங்கள் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. "யாருக்கும் எதுவும் வாங்கக் கூடாது சீதா, நமக்கு மட்டுந்தான்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் கடைக்குப் போனதெல்லாம் ஊருக்குப் பெட்டி கட்டத்தான். கோடாலித் தைலம், கம்பளிப் போர்வை, மச்சானுக்கு டார்ச், சித்தி மகளுக்கு செண்ட். ஒரு லீவில் உங்களுக்கென்று ஒரு சட்டைகூட எடுத்துவராமல் என் தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தீர்கள்.

துபாய் சத்வாவில் ஒரு டெய்லரிடம் இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன். "எங்க மேடம், ஊருக்கா?" என்று கேட்டார். இந்த வயதில் புருஷனோடு மொராக்கோவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் உங்கள் மகளுக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. "ஹனிமூன் இவ்ளோ லேட்டாவாம்மா போவாங்க?" என்று கேட்டு ஹாஸ்டலையே சிரிக்க வைத்திருக்கிறாள்.

இனி, ஃபோனில் கேட்க முடியாததை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை முனியசாமியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மதினி, அண்ணன் குடுத்த குக்கர்லதான் இப்ப நம்ம ரூமுக்கே சோறு. கட்டிலும் மெத்தையும் வீரபாண்டிக்கு. மெதுவா படுறா பன்னி, ஒடைச்சிராதன்னு சொல்லித்தான் குடுத்தாரு" என்று சிரித்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் பாதியிலேயே கை கழுவ எழுந்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

லீவில் போகிறவர் குக்கரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். நீங்களும் அப்படிப் பூட்டிவிட்டு வந்து சாவியை ஊரில் தொலைத்திருக்கிறீர்கள். குக்கரையும் கட்டிலையும் ரூமில் பிரித்துக் கொடுப்பவர் ஃபைனல் எக்ஸிட்டில் போகிறவர், இனி அந்த வேலைக்குத் திரும்பாதவர். இங்கே தொழில்பேட்டை கேம்புகளிலும் இதே வழக்கம்தான். லீவு எத்தனை நாளானாலும் பிரச்சனை இல்லை என்று நீங்கள் சொன்னதும், உங்களுக்கு மட்டும் ஸ்பெயினிலிருந்து மதுரைக்கு டிக்கெட் போடச் சொன்னதும் அப்போதுதான் விளங்கியது.

வேலை போனதைப் பயணம் முடியும்வரை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது இவள் கவலையில்லாமல் கடை பார்க்கட்டும் என்று. எனக்குக் கோபம் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் ஃபோனைச் சுருக்கமாக முடித்தது அதனால்தான். பிறகு, கட்டிலைக் கொடுத்துவிட்டு நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று யோசித்தேன். தரையில்தான் இருக்கும். அதற்கப்புறம் கோபப்பட முடியவில்லை.

மதுரை டிக்கெட்டை நான் போடவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லீவு என்று எத்தனை நாள் சொல்வீர்கள்? மலாகாவிலிருந்து துபாய்க்கு நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது என்று அங்கே சொன்னதால் நான் இங்கே வேலை தேடிக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு மாதம் என்று இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். இப்போது என் விசாவில் உங்களைச் சேர்க்க முடியும். ஆபீஸில் கேட்டுவிட்டேன், என் சம்பளம் போதுமாம்.

ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அது உங்களைக் குத்தும் என்று தெரியும். பெண்டாட்டி விசாவில் இருக்கிறான் என்று கேம்பில் சிரிப்பார்கள் என்பீர்கள். சிரிக்கட்டும். கஃபீல், அதாவது ஸ்பான்சர், யார் என்று கேட்டால் தயங்காமல் என்னைக் காட்டுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டேன். லீவு கேட்டால் மட்டும் கிடைக்காது.

வேறு வேலை தேட வேண்டுமென்றால் இங்கிருந்தே தேடலாம். வேண்டாமென்றால் கொஞ்ச நாள் சும்மா இருங்கள். நீங்கள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

டேஞ்சியரில் நான் எதுவும் தெரியாதவள் மாதிரி நடக்க மாட்டேன், எனக்கு அது வராது. நீங்களும் நடிக்க வேண்டாம். வேலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கப்பலில் பேசலாம், பேசாமலும் வரலாம். எல்லாம் நல்லபடியாக நடக்கும். நடக்காவிட்டாலும் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம். வெறும் தரையில் படுக்காதீர்கள், முதுகு தாங்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் சாமான்களை ஊருக்குக் கார்கோவில் போட்டுவிடாதீர்கள். இந்த முகவரிக்கு அனுப்புங்கள். இங்கே அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டேன்.

மலாகா விமான நிலையத்தில் உங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கப்போகும்,
சீதாலட்சுமி