ஸ்விதருக்கு இரண்டு அர்த்தம்

டண்டீ, ஸ்காட்லாந்து
4 மார்ச் 1958

அன்புள்ள க்ளிஃபர்ட்,

என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டு எழுதினீர்களே, அன்றிலிருந்து எனக்கு ஒரே ஸ்விதர்தான். டெலிபோன் ஆபீஸில் அபெர்டீன் கேட்டவருக்கு கிளாஸ்கோ லைனைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கஞ்சி ஆறுதுடி, எங்கே பார்த்துட்டு இருக்கே?" என்று அம்மா தினமும் திட்டுகிறாள்.

அன்புடன்,
எல்ஸ்பெத்

லிங்கன், இங்கிலாந்து
10 மார்ச்

என் கண்ணே எல்ஸ்பெத்,

ஸ்விதர்! அடுப்பில் ரொட்டி கருகினால் எங்கள் பக்கம் சொல்கிற வார்த்தை. எனக்காகவா இப்படித் தகிக்கிறாய்? பட்டறையில் என்னோடு வேலை செய்யும் நார்மனிடம் படித்துக் காட்டினேன். "அடேய், இதுக்கு மேல என்னடா சம்மதம் வேணும்?" என்றான். நேரே பாதிரியாரிடம் ஓடினேன். நேற்று கோயிலில் சபை முன்னால் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டே ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம்தான்! உன் ஊர்க் கோயிலிலும் சொல்லிவிடு.

உன்னுடைய,
க்ளிஃபர்ட்

டண்டீ
12 மார்ச்

அன்புள்ள க்ளிஃபர்ட்,

எங்கள் ஊரில் ஸ்விதர் என்றால் சரி என்பதா வேண்டாம் என்பதா என்று புரியாமல் தடுமாறுவது. நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். உங்கள் அர்த்தமும் இருக்கிறது, என் அர்த்தமும் இருக்கிறது. தப்பு உங்கள் மேல் இல்லை. நின்ற இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தேன்.

உங்கள் மேல் ஆசை இல்லாமல் இல்லை. வேலையையும் ஊரையும் விட்டு வருவதுதான் யோசனையாக இருக்கிறது. ஓலையை நிறுத்துங்கள். எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

எல்ஸ்பெத்

லிங்கன்
17 மார்ச்

கண்ணே,

ஒரு வார்த்தைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டதே, எப்படி நிறுத்துவது? இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. "பொண்ணுங்க கொஞ்சம் பிகு பண்ணத்தான் செய்வாங்க, நீ கல்யாண கேக்குக்கு ஆர்டர் சொல்லிடு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டேன். இங்கே வந்தபின் உனக்கு எதற்கு வேலை? நாலு மாதத்தில் எங்கள் பேச்சு உனக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்விதருக்கு ஒரே அர்த்தம்தான்.

உன்னுடைய,
க்ளிஃபர்ட்

டண்டீ
19 மார்ச்

க்ளிஃபர்டுக்கு,

அர்த்தம் தெரியாமல் முதல் ஓலை வாசிக்க வைத்தீர்கள், சிரித்தேன். அர்த்தம் தெரிந்த பிறகு இரண்டாவதையும் வாசிக்க விட்டீர்கள். அதோடு என் தடுமாற்றம் தீர்ந்தது. இதை எழுதும்போது அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கை தெளிவாகத்தான் எழுதுகிறது.

மாட்டேன்.

இதற்கு உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் அர்த்தம் ஒன்றுதான். சந்தேகம் வேண்டாம் என்று உங்கள் பாதிரியாருக்கும் இதே வார்த்தையைத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன்.

எல்ஸ்பெத் மக்ரே